குடைக்குப் பின்னால் ஓர் இருமல்

நெடுங்கரை நாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. இந்தக் கதைக்கு அதன் வெயில் மட்டும் போதும். முடிவில் ஒரு கேள்வி கேட்பேன்; பதில் சொல்லத் துடிப்பவர்கள் கடைசிவரை பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியில் சொல்லும் பதிலை நான் ஏற்பதில்லை.

அந்த நாட்டில் குடை ஒருவருக்குத்தான். மன்னர் கீர்த்திமாறரின் தலைக்கு மேல் வெண்குடை; மற்றவர்கள் தலைக்கு மேல் வானம். வெண்குடையைப் பிடித்து வந்தவன் கூத்தன். குடைபிடிப்பவன் அரண்மனையில் வாய் திறக்கக் கூடாது, மன்னர் அவனைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழிவழியாக வந்த வழக்கம். அதனால் இளவரசராக இருந்த காலம் முதல் தமக்குப் பின்னால் நடந்தவனின் முகத்தை மன்னர் பார்த்ததே இல்லை. அவனுடைய இருமலை மட்டும் அறிவார். வறட்டு இருமல், பயந்து பயந்து பாதியில் விழுங்கிவிடுவான்.

மன்னருக்கு ஒரு குறை இருந்தது. தம்மைச் சுற்றி நிற்பவர்களில் யாராவது ஒருவராவது பயத்தால் அல்லாமல் தாமாக விரும்பி நிற்கிறாரா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை, அவர் கேட்டாலே அது உத்தரவாகிவிடும். ஊரே காலில் விழுந்தது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் கிடையாது. பாவம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக அவரை நல்லவராக்கிவிடாதீர்கள். ஒரு சித்திரை மாதம், நெசவுக்காரன் மாடன் காய்ச்சலோடு நடந்த தன் தாயின் தலைக்கு மேல் பனையோலைக் குடை பிடித்து வைத்தியர் வீட்டுக்கு அழைத்துப்போனான். எதிரே மன்னரின் ஊர்வலம் வந்தது. மன்னர் ஒரு விரலை அசைத்தார். மாடனைக் கொண்டுபோய் ஆற்று மணலில் வெயிலில் நிறுத்தினார்கள். சாயங்காலம் பிணமாகத்தான் தூக்கினார்கள்.

அவன் மனைவி வடிவம்மை அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. தெருத் தெருவாகப் போய், "வெயில் எல்லாருக்கும் பொதுன்னா, நிழல் மட்டும் ஒருத்தருக்கா?" என்று கேட்டாள். கேட்டவர்கள் கூடினார்கள். கூட்டம் கோட்டைக்குள் நுழைந்தபோது காவலர்களும் அதோடு சேர்ந்துகொண்டார்கள். முடி போயிற்று, குடிமன்றம் வந்தது, அதில் பேச ஆளுக்கு ஒரு குரல் என்று ஆயிற்று. தலைவியான வடிவம்மை கொண்டுவந்த முதல் சட்டம் இது: இனி அவரவர் குடை அவரவர் கையில். யாரும் யாருக்கும் குடை பிடிக்கக் கூடாது. பிடித்தால் அவருக்கு மன்றத்தில் குரல் கிடையாது.

மன்னரைக் கொல்லவில்லை. நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். உச்சிவெயிலில் அவர் எல்லையை நோக்கி நடந்தபோது, தெருவின் இருபுறமும் ஊர் முழுக்கக் குடை விரித்து நின்றது. வெறுந்தலையோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். யாரும் கல்லெறியவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைத்தெரு முனையில் சட்டென்று அவர்மேல் நிழல் விழுந்தது. பின்னால் அந்த இருமல். இந்த முறை விழுங்காமல் முழுசாக வந்தது.

"கூத்தா, சட்டம் தெரியுமில்ல?" என்றாள் வடிவம்மை.

"தெரியும் தாயி." அந்தக் குரலை மன்னர் முதன்முதலாகக் கேட்டார். "நேத்து வரைக்கும் பிடிக்கச் சொன்னாங்க, பிடிச்சேன். இன்னைக்கு யாரும் சொல்லல. மனசு கேக்கல, பிடிக்கிறேன்."

"இப்பத்தான் உனக்குக் குரல் கிடைச்சிருக்கு. இப்பவே மடக்கிட்டா விட்டுடுறேன், இல்லன்னா அதுவும் போயிடும்."

"போனா போகட்டும் தாயி."

மன்னருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆயுள் முழுக்கத் தேடியது கிடைத்துவிட்டது. நிழலிலேயே நடந்தால் அவர் இனித் தனியாள் இல்லை. ஆனால் கூத்தன் மறுபடியும் ஊமையாகிவிடுவான். அவர் விலகி வெயிலுக்குள் போனார். "உன் குடை எனக்கு வேண்டாம். வீட்டுக்குப் போ" என்றார், வேண்டுமென்றே கடுமையாக. வழக்கம் விடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பின்னால் காலடி கேட்கிறதா என்று எல்லைவரை காதைத் தீட்டிக்கொண்டே போனார். கேட்கவில்லை.

சட்டத்தைக் காத்தாள் வடிவம்மை. அதை மீறினான் கூத்தன். கிடைத்த நிழலையும் உதறினார் மன்னர். சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

கூத்தன் செய்ததுதான் சரி. வடிவம்மையின் சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால், தாய்க்குக் குடை பிடித்த மாடனுக்கும் குரல் போயிருக்கும். கோபத்தில் அவள் அதை யோசிக்கவில்லை. மன்னர் செய்தது அன்பால்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கூத்தனுக்கு எது நல்லது என்று அவனைக் கேட்காமல் அவரே தீர்மானித்து, போகச் சொல்லி உத்தரவும் போட்டார். அவனும் பழக்கத்தில் நின்றுவிட்டான். மன்னர் காப்பாற்றிக் கொடுத்த அதே குரலால் கூத்தன் அடுத்த மன்றத்தில் எழுந்து மாடனின் பெயரைச் சொன்னான். சட்டத்தை நீக்க முதலில் கை தூக்கியவள் வடிவம்மை. கூத்தன் குடையை எடுத்துக்கொண்டு எல்லைக்கு ஓடினான். மன்னர் போன திசையில் வெயில் மட்டும்தான் இருந்தது.