ஏழு மூலை சுற்றிய அத்திக்கன்று

காட்டின் நடுவே இடிந்த கல்மண்டபம் ஒன்று இருந்தது. அதில் தவிட்டி என்ற கீரி, பிறந்து ஐந்தே நாளான மூன்று குட்டிகளோடு குடியிருந்தது.

தவிட்டிக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் வாசலை எட்டிப் பார்க்கும். திரும்பி வந்து குட்டிகளை முகர்ந்து பார்க்கும். மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணும். எண்ணி முடித்ததும் மறுபடி வாசலுக்கு ஓடும். தூங்கும்போதுகூட வால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.

அந்த மழைக்காலத்தில் அது தவித்ததற்குக் காரணமும் இருந்தது. காட்டில் வளைகளெல்லாம் தண்ணீரில் முங்கிவிட்டன. காய்ந்த இடம் என்று மிச்சமிருந்தது இந்த மண்டபம்தான். ஆனால் அதன் கிழக்குச் சுவரில் ஒரு கல் பெயர்ந்து, சன்னல்போல ஓட்டை விழுந்திருந்தது. எதிரே ஓர் இலுப்பை மரம். அந்த மரத்தில் ஒரு வல்லூறு. விடிந்ததும் அது வந்து உட்கார்ந்து, ஓட்டை வழியாக உள்ளே பார்க்கும்.

"இன்னும் பதினஞ்சு நாள்ல பிள்ளைங்க கண்ணு திறந்திரும்ல? வெளிச்சத்தப் பார்த்துத் தவழ்ந்து வரும். நான் அவசரப்படல, மெதுவா வரட்டும்" என்று வல்லூறு ஒருநாள் சொன்னது.

தவிட்டி ஓட்டையில் சுள்ளி அடுக்கிப் பார்த்தது. மழைக்காற்று அள்ளிக்கொண்டு போனது. புல்லைத் திணித்துப் பார்த்தது. வல்லூறு ஒரே கொத்தில் பிடுங்கிப் போட்டது. கடைசியில்தான் முள்ளையனின் நினைவு வந்தது.

முள்ளையன் என்பது ஒரு முள்ளம்பன்றி. பாறை இடுக்கில் பறவைகள் எச்சமிட்டு முளைக்கும் ஆல், அத்தி, இத்திக் கன்றுகளைப் பக்குவமாகப் பெயர்த்து, உடைந்த பானைகளில் நட்டு வளர்க்கும். யாருக்கு நிழல் வேண்டுமானாலும் அதனிடம்தான் போவார்கள். போன கோடையில் அதன் தோட்டத்தில் புகுந்த நாகத்தைத் தவிட்டிதான் விரட்டியிருந்தது. அதனால் உரிமையோடு போய் நின்றது.

"அண்ணே, சன்னலை மறைக்கிற மாதிரி ஒரு கன்னு வேணும். சீக்கிரம் கொடு. பிள்ளைங்க தனியா கிடக்குதுக."

"உள்ள வைக்கிறதுக்கா? அப்ப இந்த இத்தியை எடுத்துக்க தாயி. சின்ன இலைதான். ஆனா நிழல்லயே பழகினது. இலையைத் திருப்பிப் பாரு, அடியில ஒரு பூச்சி இருக்காது. வேரும் பானையைக் கெட்டியாப் பிடிச்சிருக்கு."

தவிட்டியின் கண் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. வெட்டவெளியில் ஓர் அத்திக்கன்று நின்றது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வெயில் பட்டுப் பளபளத்தது.

"எனக்கு அது வேணும்."

"அது வெயில்ல வளர்ந்த பிள்ளை. உள்ள கொண்டுபோனா கோவிச்சுக்கும். இலையைக் கொட்டும்."

"நான் பார்த்துக்கிறேன்."

"பார்த்துக்கிறேன்னு சொல்றியே, அதுதான் பயமா இருக்கு" என்றது முள்ளையன். "சரி, கேட்டுக்க. சன்னல்கிட்ட ஒரு தடவை வை. அதோட விட்டுரு. மேல் மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி. பத்து இலை உதிரும், உதிரட்டும். இடம் பழகினதும் தானே துளிர்க்கும். அதுவரைக்கும் தொடாத."

தவிட்டி பாதியைக் கேட்டது. மீதி காதில் விழுவதற்குள் பானையை உருட்டத் தொடங்கிவிட்டது.

சன்னல் ஓரம் வைத்ததும் மண்டபம் பச்சையாக மாறியது. இலைகள் ஓட்டையை அடைத்துக்கொண்டன. வல்லூறு எதிர்க்கிளையில் இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்துவிட்டு, எரிச்சலோடு பறந்துபோனது. அன்றைக்குத்தான் தவிட்டி முழு எலியையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து தின்றது.

மூன்றாம் நாள் காலையில் ஓர் இலை விழுந்தது.

தவிட்டி அதை முகர்ந்தது. கன்றைச் சுற்றி வந்தது. மறுபடி முகர்ந்தது. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு இலைகள் விழுந்தன. இனி அதற்கு இருப்புக் கொள்ளுமா?

கீரிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. குட்டி சவலையாகத் தெரிந்தால் தாய் அதன் பிடரியைக் கவ்வி இடம் மாற்றும். ஏழு இடம் மாறிய குட்டிக்கு ஒரு குறையும் வராது என்பது அவர்களின் நம்பிக்கை. தவிட்டியும் அப்படி ஏழு இடம் மாறி வளர்ந்ததுதான். கன்றும் ஒரு பிள்ளைதானே என்று நினைத்தது. பானையைத் தலையால் முட்டி, தெற்கு மூலைக்குத் தள்ளியது.

மறுநாள் ஐந்து இலைகள் விழுந்தன.

சுவரில் இருந்த பல்லி உச்சுக் கொட்டியது. "இங்க வெயிலே இல்லையே. கூரையில விரிசல் விட்ட இடத்துக்குத் தள்ளு. நானே அங்கதான் குளிர்காய்வேன். உடம்புக்கு அவ்வளவு இதமா இருக்கும்."

தள்ளியது. நான்கு இலைகள் விழுந்தன.

பானைக்கு அடியில் குடிவந்திருந்த தேரை தலையை நீட்டியது. "வெயில் எதுக்கு? தண்ணி ஊத்து. நல்லா ஊத்து. எனக்கெல்லாம் கழுத்து வரைக்கும் ஈரம் இருந்தாத்தான் உசுரே வரும்."

ஆளாளுக்குத் தனக்குப் பிடித்ததைக் கன்றுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தவிட்டி அதைக் கவனிக்கவே இல்லை. வாழைமட்டையில் தண்ணீர் கொண்டுவந்து காலையிலும் ஊற்றியது, மாலையிலும் ஊற்றியது. மண் சேறாகியது. தேரைக்குக் கொண்டாட்டம். கன்றின் இலை மட்டும் பழுத்துப் பழுத்து விழுந்தது.

நான்காம் மூலை. ஐந்தாம் மூலை. இரை தேடப் போன இடத்திலும் தவிட்டிக்குக் கன்றின் நினைப்புதான். கையில் கிடைத்த ஓணானைப் பாதி வழியில் போட்டுவிட்டு ஓடி வரும். இரவிலும் எழுந்து இலையை எண்ணும். ஓர் இலை குறைந்தால் பானை நகரும். இப்படி ஓடி ஓடி அதற்கே விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

ஒருநாள் வேர்க்கிழங்கு தேடி அந்தப் பக்கம் வந்த முள்ளையன், வாசலில் நின்று பார்த்தது. அதற்குப் பகீரென்றது.

"தாயி, இது அதே கன்னா?"

"ராப்பகலாப் பாக்குறேன் அண்ணே. ஒரு நிமிஷம் சும்மா இருந்ததில்ல. அப்படியும் கொட்டுது" என்று தவிட்டி உதிர்ந்த இலைகளைக் காட்டியது.

முள்ளையன் தண்டை நகத்தால் இலேசாகக் கீறியது. வெள்ளையாகப் பால் கசிந்தது. "உசுரு இருக்கு. இதை முதல்ல கொண்டுபோய்ச் சன்னல்ல வை. அப்புறம் நீ போய் எங்கேயாவது படு."

"இன்னும் ரெண்டு இடம்தான் அண்ணே பாக்கி. ஏழு முடிஞ்சா தேறிரும்."

"எவன் சொன்னான்? அதுக்குக் கால் இருந்தா அதுவே ஓடிப்போயிருக்கும், உன் கையில மாட்டாம!" முட்களைச் சிலிர்த்துக்கொண்டு முள்ளையன் போய்விட்டது.

தவிட்டி கேட்கவில்லை. அன்றைக்கே பானையை ஆறாம் மூலைக்குத் தள்ளியது. ஏழாம் மூலை மேற்குக் கோடியில், இருட்டாக இருந்தது. மறுநாள் காலையில் பானையை அங்கே தள்ளிக்கொண்டு போனது. கன்றில் இரண்டே இலைகள் மிச்சம். சன்னலை மறைக்கத்தான் அதைக் கொண்டுவந்தோம் என்பதே தவிட்டிக்கு மறந்துபோயிருந்தது. கிழக்கு ஓட்டை பப்பரப்பாவென்று திறந்து கிடந்தது.

அன்றைக்குத்தான் குட்டிகள் கண் திறந்திருந்தன. மூன்றிலும் சின்னது, வெளிச்சத்தைப் பார்த்துத் தத்தித் தத்தி நகர்ந்தது.

தரையில் ஒரு நிழல் விழுந்தது.

தவிட்டி திரும்பிப் பார்த்தபோது வல்லூறு ஓட்டையில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு காலைக் குட்டியின் பக்கம் நீட்டிவிட்டது. தவிட்டி பானையை விட்டுவிட்டுப் பாய்ந்தது. குட்டிக்கும் அந்த நகத்துக்கும் நடுவே தன் தோளைக் கொடுத்தது. நகம் சதையில் இறங்கியது. தவிட்டி வல்லூற்றின் தொடையைக் கவ்வி உலுக்கியது. இறகும் உரோமமும் பறந்தன. கடைசியில் வல்லூறு உதறிக்கொண்டு இலுப்பை மரத்துக்குப் போனது.

"இன்னைக்குப் பொழைச்சுக்கிட்ட. நாளைக்கும் நீ பானை தள்ளப் போவ இல்ல?" என்றது அங்கிருந்து.

தவிட்டி குட்டியை நக்கியது. தன் கண்ணெதிரே, தன் புத்தியினாலேயே பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்தோமே என்று அழுதது.

பிறகு எழுந்து, நொண்டிக்கொண்டே, பானையைச் சன்னலுக்குத் தள்ளியது. இரண்டு இலை எதை மறைக்கும்? அதனால் பானைக்குப் பக்கத்தில், ஓட்டையை அடைத்துக்கொண்டு தானே உட்கார்ந்தது.

விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அங்கேயே இருந்தது. வல்லூறு கண் மூடிய பிறகு ஓடிப்போய்க் கிடைத்ததைத் தின்று, குட்டிகளுக்குப் பால் கொடுத்தது. விடியுமுன் மறுபடி வந்து உட்கார்ந்தது. எதிரே வல்லூறு. இங்கே தவிட்டி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்தன.

சும்மா இருப்பது அதற்கு எவ்வளவு கஷ்டம்! முதல் நாள் கால் நான்கும் அரித்தன. இரண்டாம் நாள் மிச்சமிருந்த இரண்டில் ஓர் இலை விழுந்தது. முன்னங்கால் தானாகப் பானைப் பக்கம் போனது. ஆனால் எழுந்தால் சன்னல் திறந்துவிடும். பல்லை நெரித்துக்கொண்டு உட்கார்ந்தது. பல்லி யோசனை சொன்னது. தேரை தண்ணீர் கேட்டது. தவிட்டி இடத்தை விட்டு அசையவில்லை.

மண் மெல்லக் காய்ந்தது. தேரை முனகிக்கொண்டே வேறு இடம் பார்த்துப் போய்விட்டது. அதன்பிறகும் மேல் மண் வெளுத்தால் மட்டும், தவிட்டி இருட்டியபின் ஒரு வாய்த் தண்ணீர் விட்டது.

பதினொன்றாம் நாள் தண்டின் நுனியில் சிவப்பாக ஒரு முனை தெரிந்தது. தவிட்டிக்குத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. தொடவில்லை. மூன்று நாளில் அந்த முனை பிரிந்து ஓர் இலை சுருள் விட்டது. பின்னாலேயே இன்னொன்று. அதற்குப் பின்னால் கொத்தாக நான்கு.

மழை ஓய்வதற்குள் ஓட்டை மறுபடி பச்சையால் மூடிக்கொண்டது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் சலித்துப்போன வல்லூறு, இலுப்பை மரத்தை விட்டே போய்விட்டது.

முள்ளையன் வந்து பார்த்தது. இலையைத் திருப்பிப் பார்த்தது. தண்டைத் தடவியது.

"நல்லா வந்திருக்கே. என்ன உரம் போட்ட?"

"ஒண்ணும் போடல அண்ணே. பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்."

அப்போது சின்னக் குட்டி ஓடிவந்து பானையைத் தலையால் முட்டியது. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு உருட்டினால் எப்படி இருக்கும் என்று அதற்கு ஆசை. தவிட்டி அதன் பிடரியைக் கவ்வித் தூக்கி, தன் மடியில் போட்டுக்கொண்டது.

"அது அங்கேயே இருக்கட்டும். நீ இங்க இரு" என்றது. அதன் வால்கூட ஆடவில்லை.

நம் பதற்றம் தணிவதற்காகச் செய்வதையெல்லாம் அக்கறை என்று நினைத்துக்கொண்டால், நாம் காக்க நினைத்ததே நம் கையால் கெடும்.