ஆமாங்குடி குரூப்பில் மூலம் உள்ள ஒரே ஆள்

ஒரு ஊராம், அந்த ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியாம், தொட்டிக்குக் கீழே போய் நின்றால் மட்டும் போனில் சிக்னல் கிடைக்குமாம். ஊருக்குப் பெயர் ஆமாங்குடி. யார் எதைச் சொன்னாலும் அங்கே "ஆமா" என்பார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை, சொன்னபடியே செய்தும் விடுவார்கள்.

அந்த ஊரில் பேச்சியப்பன் என்று ஒருத்தன். டெம்போ ஓட்டுகிறவன். பூவிழி என்று ஒரே மகள், அங்கன்வாடிக்குப் போகிற வயசு. மகள் தும்மினால் இவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும், அப்படி ஒரு பாசம். அதனால்தான் சொர்ணவல்லி மதினி 'பிள்ளை பெத்தவங்க' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தபோது முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தான்.

குரூப்பில் விடிந்ததும் ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' வரும். அதற்குக் கீழேயே, எந்த ஊரிலோ எந்தப் பிள்ளைக்கோ நேர்ந்த கொடுமை ஒன்று படத்தோடு வரும். அதற்கும் கீழே அழுகிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசை கட்டி நிற்கும். அழுது முடித்த கையோடு எல்லோரும் காபி குடிக்கப் போவார்கள்.

காபி குடித்துவிட்டுச் சும்மா இருந்தார்களா? எங்கேயோ ஒரு குழந்தை சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டது என்று ஒருநாள் செய்தி வந்தது. சாயங்காலத்துக்குள் ஆமாங்குடிப் பிள்ளைகளின் சட்டை, டவுசர் எதிலும் பொத்தான் இல்லை. மறுநாள் பிள்ளைகள் ஒரு கையால் டவுசரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அ, ஆ எழுதினார்கள்.

அடுத்து, ஒரு பிள்ளை ஜன்னல் கம்பிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டதாம். கம்பிகளைப் பிடுங்கினார்கள். அதற்கடுத்து, கம்பி இல்லாத ஜன்னல் வழியாக ஒரு பிள்ளை விழுந்துவிட்டதாம். ஜன்னலையே செங்கல் வைத்து அடைத்தார்கள். பிள்ளைகள் பட்டப்பகலில் இருட்டைப் பார்த்து அலறியபோது, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று குரூப்பில் வருத்தப்பட்டார்கள்.

அங்கன்வாடிக்குப் புதிதாக வந்த மரகதம் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. எல்லோரையும் தொட்டியடிக்குக் கூப்பிட்டார்.

"கண்டதையும் போடாதீங்க. அது யாரோ பெத்த பிள்ளை, அது படத்தைக் கொண்டுவந்து ரோஜாப்பூவுக்குக் கீழ ஒட்டுறீங்க. போன வாரம் பிரசவிச்ச பொண்ணும் இதே குரூப்புலதான் இருக்கா, அவ மனசு என்ன ஆகும்? போட்டே ஆகணும்னா முதல்ல ஒரு எச்சரிக்கை குடுங்க. முக்கியமா, மூலம் இல்லாம யாரும் எந்தச் செய்தியும் போடக் கூடாது. புரிஞ்சுதா?"

"ஆமா டீச்சர்."

டீச்சர் போனதும் எல்லோரும் தொட்டியடியிலேயே கூடி நின்றார்கள். சொர்ணவல்லி அட்மின் அல்லவா, தொண்டையைச் செருமினாள்.

"கேக்கவே கூச்சமாத்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்க விஷயம். நம்ம குரூப்புல யாருக்கெல்லாம் மூலம் இருக்கு?"

இசக்கித்தாய் மெதுவாக, "எனக்கு மூல நட்சத்திரம் மதினி. அது ஆகுமா?" என்றாள்.

"ஜாதகத்துல இருந்தாப் பத்தாது. உடம்புல இருக்கணும்."

"டீச்சர் எதுக்கு அப்படி ஒரு சட்டம் போட்டாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

பேச்சியப்பன் யோசித்தான். "அதுல அர்த்தம் இருக்குல்லா? உக்காந்த இடத்துல இருந்து கண்டதையும் தட்டிவிடுறதுதானே தொந்தரவு? மூலம் உள்ள ஆளு உக்காரவே மாட்டாரு. நின்னு நிதானமாத்தான் போடுவாரு."

"படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று எல்லோரும் வியந்தார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. மளிகைக்கடை வேல்மயில் அண்ணாச்சி. கட்டின பெண்டாட்டியைத் தவிர யாருக்கும் சொல்லாத சங்கதி.

"எனக்கு உண்டு" என்றார்.

ஊரே கைதட்டியது.

அன்றிலிருந்து அண்ணாச்சி வீட்டு வாசலில் கூட்டம். "அண்ணாச்சி, இன்னைக்கு எப்படி இருக்கு?" என்பார்கள். "ராத்திரி முழுக்க எரிச்சல்" என்பார் அவர். "ரொம்ப நல்லது, அப்போ இதைப் போட்டுவிடுங்க" என்று செய்தியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். செய்தி ஒன்றும் குறையவில்லை. இப்போது மூலத்தோடு வருகிறதே என்று கூடுதலாக நம்பினார்கள், அவ்வளவுதான்.

அண்ணாச்சியின் சம்சாரம் மனசு கேட்காமல் ஒருநாள் கருணைக்கிழங்கு வாங்கிவந்தாள். சொர்ணவல்லி பாதி வழியிலேயே மறித்தாள்.

"என்ன காரியம் பண்ணப் பாத்தீங்க? கிழங்கு தின்னு அவருக்குக் குணமாயிட்டா, நாட்டு நடப்பு நமக்கு எப்படித் தெரியும்?"

கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு, குரூப் செலவில் ஒரு பை மிளகாய் வற்றல் கொடுத்து அனுப்பினார்கள்.

இப்படி இருக்கையில், ஒருநாள் பேச்சியப்பன் அங்கன்வாடி வேலியோரம் டெம்போவை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான். உள்ளே இருக்கிற புங்க மரத்தில் குடம் பெரிசுக்குக் கதண்டுக் குளவிக் கூடு. பத்துக் கதண்டு சேர்ந்து கொட்டினால் பெரிய ஆளே படுத்துவிடுவான். மரத்துக்கு நேர் கீழே பூவிழி மண்ணில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி பூவிழி, உள்ள ஓடு!" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், அவள் காதில் விழும். வாயைத் திறந்தும் விட்டான். அப்புறம்தான் நினைவு வந்தது. இது மனசைக் கலக்குகிற செய்தி. மூலமில்லாத வாயால் எப்படிச் சொல்வது?

வாயை மூடிக்கொண்டு ஓடினான். அண்ணாச்சி வீடு பூட்டியிருந்தது. டவுனுக்கு ஆபரேஷனுக்குப் போகிறாராம். பஸ் ஸ்டாப்புக்கு ஓடினான். டெம்போ என்று ஒன்று இருப்பதே அவனுக்கு ஞாபகம் இல்லை. மினி பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இத்தனை சீட் காலியாகக் கிடக்க, அண்ணாச்சி மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, எறங்குங்க! இன்னும் இருக்குல்லா?"

"இருக்கு பேச்சி. இன்னைக்கு எடுத்துருவாங்க. இனிமே என்னால தாங்க முடியாதுப்பா."

"பிள்ளைங்க உயிரு அண்ணாச்சி! ஒரே ஒரு செய்தி. போட்டுட்டு அப்புறமா எடுத்துக்கோங்க."

அண்ணாச்சிக்குக் கண் கலங்கியது. ஒரு மனுஷனுடைய மூலத்தை ஊர் இவ்வளவு நம்பினால் அவரும் என்ன செய்வார்? இறங்கிவிட்டார்.

தொட்டியடியில் ஊரே போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தது.

"என்ன பேச்சியண்ணே, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? என்ன நடந்துச்சு?" என்றாள் இசக்கித்தாய்.

"வாயால சொல்ல முடியாது தாயி. குரூப்புல வரும்."

"சரிண்ணே" என்று அவள் அடக்கமாகப் போனைப் பார்த்துக்கொண்டாள்.

அண்ணாச்சி நின்றபடியே தட்டினார். 'அங்கன்வாடி மரத்தில் கதண்டுக் கூடு. பிள்ளைகளை உடனே கூட்டி வரவும்.' அனுப்பப் போகிற நேரத்தில் சொர்ணவல்லி எட்டிப் பார்த்தாள். செய்தியைப் பார்க்கவில்லை, அவள் நாகரிகம் தெரிந்தவள். முதல் வரி இருக்கிற இடத்தை மட்டும் பார்த்தாள்.

"எச்சரிக்கை எங்க?"

"இதே எச்சரிக்கைதானே மதினி!" என்று பேச்சியப்பன் துடித்தான்.

"இது செய்தி. எச்சரிக்கை இதுக்கு முன்னால வரணும். எடுத்த எடுப்புல சேதியைத் தூக்கி மூஞ்சில எறிஞ்சா ஜனங்க மனசு என்ன பாடுபடும்?"

"டிவில போடுவாங்களே, இளகிய மனசு உள்ளவங்க பாக்காதீங்கன்னு. அதைப் போடுவோம்" என்றாள் இசக்கித்தாய்.

"பாக்காதீங்கன்னா இங்கனயே நின்னு ஓரக்கண்ணால பாப்பாங்க" என்றாள் சொர்ணவல்லி. "விலகிப் போகவும்னு போடுங்க அண்ணாச்சி."

போட்டார். எல்லார் போனும் டிங் என்றது. எல்லோரும் முதல் வரியைச் சத்தமாகப் படித்தார்கள்.

'எச்சரிக்கை! இளகிய மனசு உள்ளவர்கள் விலகிப் போகவும்.'

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொர்ணவல்லி போனை இடுப்பில் செருகினாள்.

"எனக்கு ரொம்ப இளகின மனசுப்பா. கோழி அறுக்கிற இடத்துலகூட நிக்க மாட்டேன், கொழம்பு கொதிச்சப்புறம்தான் போவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

"இவளுக்கே இளகின மனசுன்னா, எனக்கென்ன கருங்கல்லா?" என்று இசக்கித்தாய் அவளைவிட வேகமாக நடந்தாள். மற்றவர்கள் மட்டும் சளைத்தவர்களா? எங்கே தன்னைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிடுவார்களோ என்று முண்டியடித்துக்கொண்டு விலகினார்கள்.

"போகாதீங்க! கீழ படிங்க, கீழ!" என்று பேச்சியப்பன் கத்தினான்.

அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கீழ படிச்சியா பேச்சி?"

"எனக்குத்தான் முன்னாலேயே தெரியுமே!"

"தெரிஞ்சும் நிக்கிறியே, என்ன நெஞ்சுடா உனக்கு!" என்று சொல்லிவிட்டு அவரும் காலை அகட்டி அகட்டி அடுத்த பஸ்ஸுக்குப் போனார்.

பேச்சியப்பன் தனியாக நின்றான்.

அந்த நேரத்தில் மரகதம் டீச்சர் பூவிழியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "நல்லவேளை, நானே கூட்டைப் பாத்துட்டேன். பிள்ளைங்களை எல்லாம் உள்ள வச்சுக் கதவைச் சாத்தி, ஆளைக் கூப்பிட்டுக் கூட்டையும் எடுத்தாச்சு. ஒரே ஒரு கதண்டு மட்டும் இவ மூக்குல கொட்டிருச்சு. நர்ஸம்மாட்ட காட்டிட்டேன், பயம் ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, மற்ற பிள்ளைகளைப் பார்க்கத் திரும்பினார்.

பேச்சியப்பன் மகளைப் பார்த்தான். மூக்கு தக்காளி மாதிரி வீங்கி, அதன் மேல் சுண்ணாம்பு. பிள்ளை பாட்டுக்குக் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு மனசு இளகியது. இளகியதும் பகீரென்றது. கையிலிருந்த போனை ஒரு தடவை பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

"அப்பா, எங்கப்பா போற?"

"விலகிப் போறேன் கண்ணு. அப்பாவுக்கு ரொம்ப இளகின மனசு."

"நம்ம வீடு இந்தப் பக்கம்லப்பா!"

பிள்ளை கூப்பிடக் கூப்பிட அவன் மனசு இன்னும் இளகியது. இளக இளக, நடையை இன்னும் எட்டிப் போட்டுப் போய்க்கொண்டே இருந்தான்.