குடுவையில் ஒட்டிய பிசுக்கு

கொழுப்பில் கரைகிற மூலக்கூறுதான் செல்லின் சவ்வைத் தாண்டி உப்பு அயனிகளைச் சுமக்கும் என்பது பேராசிரியர் ஆராவமுதனுக்குத் தெரிந்த ஒரே உண்மை. அதனால், தான் செய்த மூலக்கூறின் கொழுப்பு வாலை வருஷா வருஷம் நீட்டிக்கொண்டே போனார். அயனி செல்லுக்குள் போனால் அசைய வேண்டிய மீட்டர் முள் அசையவில்லை.

"நீ கழுவுற லட்சணம்தான் காரணம். நாளைக்கு இதைச் சோதிக்க வர்ற நிபுணர்கள் முன்னால முள் அசையலேன்னா வேலைக்கு வராதே," என்று குடுவை கழுவும் எஸ்தர் மேல் பாய்ந்தார்.

எஸ்தர் அன்று கழுவவே இல்லை. மறுநாள் நிபுணர்கள் முன்னால் குடுவையைக் கவிழ்த்தாள். தண்ணீர் கொட்டியது, மூலக்கூறு கண்ணாடியிலேயே பிசுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணியிலயே இறங்காதது செல்லுக்கு எப்படி சார் போய்ச் சேரும்? லேசாத் தேய்ச்சாலே விட்டுப் போறது இதுதான்," என்று, வால் குட்டையென்று அவர் ஒதுக்கிய புட்டியை நீட்டினாள். அதைச் செல்கள் மேல் ஊற்றியதும் முள் துள்ளியது.

"இத்தனை வருஷமா இது எப்படித் தெரியாமப் போச்சு?" என்றார் ஒரு நிபுணர்.

"நான் தினமும் நல்லாக் கழுவிட்டேன் சார்," என்றாள் எஸ்தர்.