நண்டுக் கோலத்தில் ஒரு நடைபாதை

அந்தக் காலத்தில் நண்டும் ஆமையும் கடலும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. வேலையைவிடப் பேச்சு அதிகம்தான். யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

கடற்கரையில் உருட்டன் என்று ஒரு நண்டு இருந்தான். ஆள் சுண்டைக்காய் அளவுதான். ஈர மணலை வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் பாசியைத் தின்றுவிட்டு, மிச்ச மணலை உருண்டையாக உருட்டி வெளியே வைப்பான். மற்ற நண்டுகளும் அப்படித்தான் சாப்பிடும், ஆனால் உருண்டையைக் கண்ட இடத்தில் போட்டுவிடும். உருட்டன் வளையைச் சுற்றி வரிசை வரிசையாக, பூ விரிந்த மாதிரி அடுக்குவான். ஏதாவது ஒரு பாட்டை முனகிக்கொண்டே செய்வான். தண்ணீர் ஏறினால் எல்லாம் கரைந்துபோகும். வற்றியதும் மறுபடி தொடங்குவான்.

ஒருநாள் கரையேறிய ஆமை அதைப் பார்த்துவிட்டது.

"அடேயப்பா! இது உன் கைவேலையா? நாளை மறுநாள் என் தங்கச்சிமாரைக் கூட்டிக்கிட்டு வர்றேன். அழியாம வச்சிரு."

புகழ்ச்சி யாரை விட்டது? உருட்டனுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே கடலிடம் போய் நின்றான்.

"ஆத்தா, ஒரு நாலு நாளைக்கு இந்தப் பக்கம் வராம இரேன்."

"இருக்கேன்லே. ஆனா அவ்வளவு தூரத்துக்கு உன் சத்தம் கேக்காது. நான் வேணும்னா நீயே வந்து தொட்டுக் கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டுக் கடல் விலகிப் போனது.

ஈரம் காய்வதற்குள் உருட்டன் இதுவரை போடாத பெரிய பூவாகப் போட்டு முடித்தான். வளைக்குப் போய்வர ஒரு சின்ன வழி விட்டு வைப்பது அவன் வழக்கம். இந்த முறை அது கண்ணை உறுத்தியது. பூவில் ஓர் இதழ் உதிர்ந்த மாதிரி இருந்தது. அதையும் நிரப்பிவிட்டு, வளை வாசலில் உட்கார்ந்து ரசித்தான்.

வளைக்குள் அவன் மனைவி செவத்தி இருந்தாள். வயிற்றின் அடியில் நிறைய முட்டைகள் ஒட்டியிருந்தன. அவற்றில் கடல் தண்ணீர் படாவிட்டால் காய்ந்து செத்துப்போகும். இரண்டாம் நாளே வளை வறண்டுவிட்டது.

"இந்தாங்க, முட்டையெல்லாம் சூடாகுது. நான் தண்ணிக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"ஐயையோ, மிதிச்சிராதே! ஆமை வந்து பார்த்துட்டுப் போகட்டும். ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோ."

செவத்தி பொறுத்துக்கொண்டாள். அவளுக்கும் அந்தப் பூ பிடித்திருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

மூன்றாம் நாள் ஆமை வரவில்லை. எப்படி வரும்? கடல் எங்கேயோ நிற்க, காய்ந்த மணலில் அவ்வளவு தூரம் யார் நடப்பது? இதை உருட்டன் யோசித்திருக்க வேண்டும். அப்போது புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

உச்சி வெயிலில் செவத்தி கூப்பிட்டாள். எழுந்து நடக்க அவளுக்குத் தெம்பில்லை.

"ஓரத்து முட்டையெல்லாம் வெளுத்துப் போச்சு. யாருக்காக இதைப் போட்டீங்க? பார்க்கிறதுக்கு நம்ம பிள்ளைங்க வேண்டாமா?" என்று அழுதாள்.

உருட்டன் வெளியே வந்தான். நாலா பக்கமும் உருண்டைகள். கால் வைக்க இடமில்லை. ஒரு கணம் தயங்கி நின்றான். நின்றது உண்மை, மறைப்பானேன்? பிறகு பூவின் நடுவே விழுந்தடித்து ஓடினான். அவன் எட்டுக் காலடியிலும் உருண்டைகள் பொடிப்பொடியாயின. கடலைத் தொட்டு, "வா ஆத்தா, வந்து எல்லாத்தையும் எடுத்துக்கோ!" என்று கத்தினான்.

கடல் ஒரே மூச்சில் வந்து வளைக்குள் பாய்ந்தது. பாதி முட்டைகள் பிழைத்தன. பாதி பிழைக்கவில்லை.

தண்ணீர் வற்றிய பிறகு உருட்டன் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தான். இனிமேல் பூவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றான்.

செவத்தி அவனுக்கு முதுகைக் காட்டி, மிஞ்சிய முட்டைகளைத் துழாவிக்கொண்டிருந்தாள். கோபம் இருக்காதா? பிறகு சொன்னாள்:

"உங்க பாட்டுச் சத்தம் இல்லாம வீடு வீடு மாதிரியே இல்லை. போடுங்க. தண்ணி வந்தா போகட்டும், நாளைக்கும் போடுங்க. ஆனா, நான் போறதுக்கு வழி விட்டுப் போடுங்க."

அன்று முதல்தான் எல்லா மணல்நண்டும் உருட்டனைப் போலவே, கடல் வற்றும்போதெல்லாம் தன் வளையைச் சுற்றிப் புதிதாகப் பூப் போடுகிறது. எத்தனை அழகாக அமைந்தாலும், வாசலிலிருந்து ஒரு பாதையில் மட்டும் ஓர் உருண்டைகூட வைப்பதில்லை.