கைலாசம் அளந்த திரை

“அம்மா, திரை போதவில்லை” என்றார் கைலாசம்.

“எதற்குப் போதவில்லை?”

“எழுத்துக்கு. நம்ம கம்ப்யூட்டர் திரை வெறும் பதினஞ்சு இஞ்ச். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது. பெரிசா ஒண்ணு வேணும்.”

அம்மா பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எவ்வளவு பெரிசு?” என்றார்.

கைலாசம் அதை யோசித்திருக்கவில்லை.

சிற்றாற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்தைந்து. சீடருக்கு அறுபத்தெட்டு. குரு சீடரை ‘ஐயா’ என்பார். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

கைலாசம் தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் டைப் அடித்தவர். மடத்திலும் அதுதான் அவர் வேலை.

ஊர் ஊராக அம்மாவுக்குக் கடிதம் வரும். பிள்ளை படிக்கவில்லை, மாமியார் பேசவில்லை, மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை என்று. அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் பதில் சொல்வார். கைலாசம் அதைக் கம்ப்யூட்டரில் அடித்து, அச்செடுத்து, உறையில் போட்டு அனுப்புவார். அம்மா அதைத் திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. சொன்னது நானில்லை, தேவி என்பார்.

கொஞ்ச நாளாகத் தேவியின் வாக்கில் எழுத்துப்பிழை வந்துகொண்டிருந்தது.

சமையல் பார்க்கும் ஆவுடையம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். வருகிற கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது அவள்.

அன்று சுரண்டையிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்.

“அம்மா, என் ஓரகத்தியைப் பற்றிக் கேட்டிருந்தேன். ‘பொறாமையாக இரு’ என்று பதில் வந்தது. மூன்று வாரமாக அப்படியே இருக்கிறேன். நன்றாக வருகிறது. இன்னும் எத்தனை நாள் இருக்க வேண்டும்?”

ஆவுடையம்மாள் கடிதத்தை மடக்கினாள்.

“அம்மா, நீங்க சொன்னது ‘பொறுமையாக இரு’.”

“ஆமாம்” என்றார் அம்மா.

அடுத்த கடிதம் கடையநல்லூர்க்காரர் ஒருவர் எழுதியது. வீட்டில் ஓயாத சண்டை என்று கேட்டிருந்தவர்.

“அம்மா, ‘வீட்டில் கொஞ்சம் அடக்கு’ என்று எழுதியிருந்தீர்கள். அடக்கிப் பார்த்தேன். இப்போது மாட்டுத் தொழுவில் படுத்திருக்கிறேன். அடுத்த உத்தரவு என்ன?”

அம்மா அவருக்குச் சொன்னது ‘அடங்கு’.

ஆவுடையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கைலாசம் ஜன்னலைப் பார்த்தார்.

“திரை சின்னது. நான் என்ன செய்ய?” என்றார்.

தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இசக்கிராஜா மடத்துக்கு வேண்டியவர். விஷயத்தைக் கேட்டதும் புதிய கம்ப்யூட்டர் ஒன்று தன் உபயமாகத் தருகிறேன் என்றார். எத்தனை இஞ்ச் திரை என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும், வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்.

கைலாசம் டேப் எடுத்து மேஜையை அளந்தார். அகலம் இருபத்து நாலு.

“இருபத்து நாலு இஞ்ச் கேட்போம். மேஜைக்குக் கச்சிதமா உட்காரும்” என்றார்.

போனில் இசக்கிராஜா சிரித்தார். “சார், திரையை அகலத்துல அளக்க மாட்டாங்க. மூலைக்கு மூலை, குறுக்கே அளக்கணும்.”

கைலாசத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

“இது எந்த ஊர் நியாயம்வே? நாலு முழ வேட்டியைக் குறுக்கே அளந்து அஞ்சு முழம்னு வித்தா ஜவுளிக் கடைக்காரனைச் சும்மா விடுவாங்களா?”

“அது வேட்டி சார். இது திரை.”

“எல்லாம் ஒண்ணுதான்” என்று போனை வைத்தார்.

பிறகு அம்மாவிடம் போய் நின்றார்.

“அம்மா, நீங்களே ஒரு அளவு சொல்லிருங்க. இருபத்திரண்டா, இருபத்து நாலா, இருபத்தேழா?”

“எந்தத் திரையில் உங்களுக்கு எழுத்து தெளிகிறதோ, அந்த அளவு” என்றார் அம்மா. “நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.”

கைலாசம் தென்காசிக்குப் பஸ் ஏறினார்.

கடையில் வரிசையாகத் திரைகள் எரிந்துகொண்டிருந்தன. இசக்கிராஜா பத்தொன்பது அங்குலத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

“எப்படி இருக்கு சார்?”

“புகையா இருக்கு.”

இருபத்து நாலைக் காட்டினார்.

“புகை கொஞ்சம் பெரிசா இருக்கு.”

முப்பத்திரண்டைக் காட்டினார்.

“இப்போ நல்ல பெரிய புகை” என்றார் கைலாசம்.

இசக்கிராஜா தலையைச் சொறிந்தார். “சார், கண் டாக்டர்கிட்ட ஒருதரம்...”

“நான் தாலுகா ஆபீஸ் ஹெட் டைப்பிஸ்ட்” என்றார் கைலாசம். “இருட்டுலயே நிமிஷத்துக்கு நாற்பது வார்த்தை அடிப்பேன். உம்ம மெஷின் மங்கலா இருந்தா அதுக்கு என் கண் என்னவே செய்யும்?”

மடத்துக்குத் திரும்பி வந்ததும் அம்மாவிடம் சொன்னார்.

“இப்போ வர்ற மெஷின் எல்லாமே மங்கல்தான் அம்மா. நாற்பத்து மூணு இஞ்ச் வாங்கினா ஒருவேளை தெளியலாம். மேஜை போதாது. சுவத்துல மாட்டணும். அரிசி அலமாரியை மட்டும் கொஞ்சம் நகர்த்தணும்.”

அரிசி அலமாரி ஆவுடையம்மாளுடையது. அவள் கையில் கரண்டியோடு வந்தாள்.

“நாற்பத்து மூணு எதுக்கு அண்ணாச்சி? ஆத்து மணல்ல ரெண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டிருவோம். நீங்க கடிதம் ஓட்டுங்க. நான் இடைவேளைக்கு முறுக்கு விக்கேன்.”

“உனக்கென்ன தெரியும் ஆவுடை?”

“காலையில நீங்க நெத்தியில பூசினது திருநீறு இல்லை, கோலமாவுன்னு தெரியும்.”

கைலாசம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விரலை மோந்தார்.

அம்மா பூக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆவுடையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணாச்சி, உங்க கண்ணுல புரை விழுந்திருக்கு. எங்க மாமாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஆபரேஷன் பண்ணினா சரியாயிரும்.”

“சத்தம் போடாதே.”

“ஏன், பயமா?”

“கத்திக்கு யார் பயந்தா?” கைலாசம் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்த்தும் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. “ஆபரேஷன்னா ஒரு மாசம் கம்ப்யூட்டர் பக்கம் போகக் கூடாதும்பாங்க. அதுக்குள்ள வேற ஆள் வந்து அந்த நாற்காலியில உட்கார்ந்திருவான். பிழை இல்லாம அடிப்பான். அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை சொல்லு?”

“உட்கார்ந்து தியானம் பண்ணுங்க.”

“தியானத்துல தூங்கிருதேன். பாட்டு வராது. பூத் தொடுக்க வராது. எனக்குத் தெரிஞ்ச பூஜை அது ஒண்ணுதான் ஆவுடை. அதையும் பிடுங்கிட்டா நான் சும்மா சோறு தின்னுட்டு இருக்கணும்.”

ஆவுடையம்மாளுக்கு அதற்கு மேல் கேலி வரவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உச்சிக்காலப் பூஜைக்கு மூன்று பேரும் சன்னதியில் கூடினார்கள்.

அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் நைவேத்தியம். வழக்கம்போல் திரையை இழுத்துவிட்டு, அம்மா உள்ளே போனார். சாமி சாப்பிடுகிற நேரம், யாரும் பார்க்கக் கூடாது. பிறகு மணி அடிக்கும், திரை விலகும், தீபம் காட்டுவார்கள். எல்லாக் கோயிலிலும் உள்ளதுதான்.

மணி அடித்தது.

கைலாசம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். “தாயே” என்றார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“ஐயா, இன்றைக்கு அலங்காரம் எப்படி இருக்கிறது?”

“ரொம்பத் திருப்தி அம்மா” என்றார் கைலாசம். “செம்பட்டு. ஓரத்துல சரிகை. அம்மன் உடம்பு முழுக்க மூடினாப்பல, என்னா நிறைவு!”

ஆவுடையம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி” என்றாள்.

“பேசாதே. தரிசன நேரம்.”

“அண்ணாச்சி, திரை இன்னும் விலகலை.”

கைலாசத்தின் கைகள் தலைக்கு மேலேயே நின்றன.

செம்பட்டுத் திரைக்கு ஓரமாக அம்மா வெளியே வந்தார். மணி அவர் கையில் இருந்தது. கேலியாகப் பார்க்கவில்லை. திரையின் நுனியைக் கையில் எடுத்து, தடவிப் பார்த்தார்.

“ஐயா, இது நாலு முழம். எட்டு முழத்தில் வாங்கிப் போட்டால் அம்மன் தெரிவாளா?”

கைலாசம் கையைக் கீழே இறக்கினார்.

அம்மா திரையை விலக்கினார். தீபம் காட்டினார். தட்டைக் கைலாசத்தின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

“இப்போது என்ன தெரிகிறது?”

“ஒரு வெளிச்சம். அதைச் சுத்தி வட்டம் வட்டமா...” கைலாசம் கண்ணைக் கசக்கினார். “அம்மன் முகம் தெரியலை அம்மா.”

“எத்தனை நாளாக?”

“ஆடித் தபசுலேருந்து. முகம் எப்படி இருக்கும்னு ஞாபகம் வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்.”

“என்னுடைய முகம்?”

“குரலை வச்சு.”

ஆவுடையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “என் முகம் அண்ணாச்சி?”

“அது தெரியாமலே இருக்கட்டும்” என்றார் கைலாசம்.

அம்மா சிரித்துவிட்டார். கைலாசம் சிரிக்கவில்லை.

“அம்மா, நான் போய் ஆஸ்பத்திரியில படுத்துட்டா கடிதமெல்லாம் யார் அடிப்பா?”

கேட்டுவிட்டு, தலை குனிந்து நின்றார். அந்த ஒரு கேள்வியை அவர் எத்தனை மாதமாக நெஞ்சில் வைத்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. யார் பெயரையாவது அம்மா சொல்லிவிடுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா ஒரு பெயரும் சொல்லவில்லை.

தீபத் தட்டைக் கீழே வைத்தார். கடிதம் அடிக்கிற அறைக்குப் போனார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். அங்கே கைலாசத்தின் நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளி, அதன்மேல் ஒரு துண்டை விரித்துப் போட்டார். பிறகு ஆள்காட்டி விரலை எடுத்துத் தன் உதட்டின்மேல் வைத்தார்.

வைத்த விரலை எடுக்கவில்லை.

“என்னம்மா?” என்றாள் ஆவுடையம்மாள். “மௌனமா?”

அம்மா தலையசைத்தார்.

“எத்தனை நாளைக்கு?”

இன்னொரு கையால் அம்மா கைலாசத்தின் கண்களைக் காட்டினார்.

“அண்ணாச்சி கண்ணு சரியாகிற வரைக்குமா? அதுவரைக்கும் பேசவே மாட்டீங்களா? யாருக்கும் பதில் கிடையாதா?”

தலையசைப்பு.

“தொழுவில படுத்திருக்கவருக்குமா?”

அதற்கும் தலையசைப்புதான்.

கைலாசம் பதறிவிட்டார். “வேண்டாம்மா. இந்தக் கிழவனுக்காக இது வேண்டாம். ஊரே உங்க வார்த்தைக்குக் காத்துக்கிட்டு இருக்கும். வேற யாரையாவது வச்சு அடிங்க. நானே ஆள் சொல்லுதேன். அம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். விரல் உதட்டிலேயே இருந்தது.

நாற்காலியின்மேல் கிடந்த துண்டைக் கைலாசம் தடவினார். பிறகு திரும்பிப் போய்த் தன் துணிப்பையை எடுத்தார். இரண்டு வேட்டியை மடித்து வைத்தார்.

“ஆவுடை, கண் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்?”

“நானும் வாரேன் அண்ணாச்சி. அடுப்பை அணைச்சுட்டு வந்திருதேன்.”

அப்போது போன் அடித்தது. ஆவுடையம்மாள் அதை எடுத்துக் கைலாசத்தின் கையில் கொடுத்தாள். இசக்கிராஜாதான்.

“சார், நாளைக்கு உங்க பக்கம் வண்டி வருது. ஏத்தி விட்டிருவேன். முடிவா எத்தனை இஞ்ச் வேணும்?”

கைலாசம் அம்மா நின்ற திசையில் முகத்தைத் திருப்பினார். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

“இசக்கி” என்றார் கைலாசம். “பார்த்துட்டுச் சொல்லுதேன்.”