பாளை விடாத பனை

தேரி என்கிற செம்மணல் மேடு இன்று கிடக்கிற இடத்துக்கு வந்து சேராத காலம் அது. மன்னர் வரி கேட்க மறக்கவில்லை. மழைதான் பெய்ய மறந்தது. கேட்க மனமுள்ளவர்கள் கேளுங்கள்; மனமில்லாதவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பனங்காட்டு ஊர் ஒன்றில் சுவிசேஷமுத்து என்ற பனையேறி இருந்தான். பஞ்சத்தில் வேதத்தில் சேர்ந்தவன். அவனும் மனைவி அருளாயியும் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

வேதக்கோயிலில் முன்னால் விரித்த முன்பாய் நிலக்காரர்களுக்கு, பின்னால் விரித்த பின்பாய் பனையேறிகளுக்கு. புதிதாய் வந்தவனுக்கு அது தெரியாது. பாட்டு நன்றாய்க் கேட்கட்டும் என்று முன்பாயில் உட்கார்ந்தான். எழுப்பினார்கள். அடுத்த ஞாயிறும் உட்கார்ந்தான். எழுப்பினார்கள். மூன்றாம் ஞாயிறு அவனுக்கடியில் இருந்த பாயையே உருவினார்கள்.

அதன்பிறகு அவன் கோயில் படி மிதிக்கவில்லை. ‘பின்வாங்கினவன்’ என்று அவனுக்குப் பேர் வைத்தார்கள். மழை திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அருளாயி மட்டும் பின்பாயில் உட்கார்ந்து பாடினாள்.

பல வருஷம் கழித்து ஒரு ஞாயிறு, ஆராதனை முடிகிற நேரத்தில், கோயில் மதிலை ஒட்டிய பனையிலிருந்து விழுந்து அவன் செத்துப்போனான்.

அருளாயி, கோயிலில் பிரசங்கம் செய்யும் உபதேசியார் மாசிலாமணியிடம் ஓடினாள். கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு ஒரு குழி கேட்டாள். தன் காலம் வரும்போது தன்னையும் அதன் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்றாள்.

நிலக்காரர்கள் சூழ்ந்து நின்றார்கள்.

“கஞ்சிக்கு வந்தவன்” என்றார் ஒருவர்.

“மழையைக் கண்டதும் ஓடினவன்” என்றார் இன்னொருவர்.

“ஓய்வுநாளில் பனையேறினான், கர்த்தர் தள்ளிவிட்டார்” என்றார் மூன்றாமவர்.

உபதேசியார் தாடியைத் தடவினார். “அருளாயி, பின்வாங்கிப் போகிறவன் ஆதியிலேயே இரட்சிக்கப்படாதவன். நெஞ்சில் விசுவாசம் இருந்திருந்தால் போயிருப்பானா?”

“அவரு பின்வாங்கலை, ஐயா. நீங்கதான் பின்னால தள்ளுனீங்க.”

அவள் மதிலோரப் பனையைக் கைகாட்டினாள்.

“வேலைக்கு ஏறினாருங்கிறீங்களே, கலயம் எங்கே? அரிவாள் எங்கே?”

பனையடிக்குப் போய்ப் பார்த்தார்கள். கலயம் இல்லை. அரிவாளும் இல்லை. அந்தப் பனை பாளை விடுவதை நிறுத்தியே வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு சொட்டுப் பதனீர் தராத மரத்தில் ஒருவன் எதற்கு ஏறுவான்?

பலவேசம் என்ற கிழட்டுப் பனையேறியை உபதேசியார் ஏறச் சொன்னார்.

“பார்த்து ஏறும்வே. மேலே என்ன தெரியுது?”

“மட்டை ஒண்ணு முறிஞ்சு தொங்குது, ஐயா. பக்கத்து மட்டை உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுன்னு தேஞ்சு கிடக்கு. ஒருநாள் ரெண்டுநாள் உட்கார்ந்த தேய்ப்பு இல்லை.”

“வேறே?”

“கோயில் சன்னல் தெரியுது. உள்ளே முன்பாய் தெரியுது. பின்பாயில அருளாயி உட்காருற இடம் தெரியுது. நீங்க பிரசங்கத்துக்கு நின்னா உங்க வழுக்கையும் நல்லாத் தெரியும்!”

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். உபதேசியார் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பனையையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை ஞாயிறு தன் தலைக்கு மேலே ஒருவன் உட்கார்ந்து தன் பேச்சைக் கேட்டிருக்கிறான் என்று எண்ணிப் பார்த்தார்.

மண்வெட்டியை அவரே எடுத்தார். நிலக்காரர்கள் சாப்பாட்டுக்கு நேரமாயிற்று என்று வீட்டுக்குப் போனார்கள். போகட்டும்.

குழியை மூடியதும் அருளாயி கேட்டாள்: “அவரைப் பரலோகத்துல பார்ப்பேனா, ஐயா?”

“தெரியாதம்மா” என்றார் எல்லாம் தெரிந்த உபதேசியார். “ஆனால் உள்ளே இருந்த நாங்கள் யாரும் உள்ளே இருப்பதற்கு அவனைப்போல ஏங்கினதில்லை.”

ஒருவன் ஏன் போனான் என்று கேட்காதவனுக்கு, அவன் உண்மையாய் வந்தவன்தானா என்று தீர்ப்புச் சொல்ல உரிமை இல்லை.