சின்ன உறுப்பு

"படிப்பை நிறுத்திடலாமா மிஸ்?"

கேட்டவள் ஜெசிந்தா. இயற்பியல், மூன்றாம் ஆண்டு. இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. பல்கலைக்கழகத்துக்கு வந்தும் கான்வென்ட் வாய் மாறவில்லை. மற்றவர்களுக்குப் பேராசிரியை பொற்கொடி 'மேடம்'. இவளுக்கு மட்டும் 'மிஸ்'.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"அத்தை. அம்மா படிங்கிறாங்க. ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறாங்க மிஸ். நாளைக்குக் குவாண்டம் பரீட்சை. என்னைக் கையோட ஊருக்குக் கூட்டிட்டுப் போக அத்தை கீழே வந்து நிக்கிறாங்க."

"நீ என்ன சொல்றே?"

"நான் சொல்லி யார் கேக்கப்போறாங்க?"

பொற்கொடி சாக்பீஸை நீட்டினார்.

"ரெண்டு சுருள்வில்லுக்கு நடுவுல ஒரு குண்டு. ரெண்டும் சமமா, எதிரெதிரா இழுக்குது. வலப்பக்கமா லேசா ஒரு காத்து. குண்டு என்ன ஆகும்?"

குழந்தையை இறக்காமலே ஜெசிந்தா கரும்பலகையில் குண்டை வரைந்து, கீழே விசைகளை எழுதினாள். இரண்டு வில்லுக்கு இரண்டு, காற்றுக்கு ஒன்று. எழுதிய வேகத்திலேயே மூன்றாவதைக் கோடு போட்டு அடித்தாள்.

"நகராது மிஸ்."

"அதை ஏன் அடிச்சே?"

"ரொம்பச் சின்ன டெர்ம். விட்டுடலாம்."

"டெர்முக்குத் தமிழ்ல என்ன?"

"உறுப்பு."

"வெட்டினியே, வலிக்கலை?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "எல்லாரும் அடிக்கிறதுதானே மிஸ்?"

"பெரிசு ரெண்டையும் கூட்டு."

கூட்டினாள். பூஜ்யம்.

"மிச்சம்?"

"நான் அடிச்ச அந்தச் சின்னதுதான் மிஸ்." ஜெசிந்தா அடித்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம்.

"பிள்ளை பசியில கையைச் சப்புது, இவளுக்குப் பலகையில கிறுக்கல் கேக்குது!" அத்தை உள்ளேயே வந்துவிட்டாள். "நீங்களாவது சொல்லக்கூடாதா டீச்சர்? இந்தக் குண்டு உருண்டா யார் வீட்டுல உலை கொதிக்கப்போகுது? கிளம்புடி, பஸ் போயிடும்."

பொற்கொடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெசிந்தா அடித்த இடத்தைக் கையாலேயே துடைத்தாள். மூன்றாவது உறுப்பை மறுபடி எழுதினாள், மற்ற இரண்டையும்விடப் பெரிதாக. சாக்பீஸ் உடைந்தது. உடைந்த துண்டாலேயே எழுதி முடித்தாள்.

பிறகு அங்கேயே உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பக்கத்து நாற்காலியைக் காலால் முன்னே தள்ளினாள்.

"உட்காருங்க அத்தை. கணக்கைத் தப்பாப் போட்டிருந்தேன்."